நண்டு நின்ற இடம்

அக்டோபர் 6, திங்கள்

கீழப்பாளையம் வந்து சேர்ந்தாயிற்று. லாட்ஜில் ஆளுக்கு ஓர் அறை. என் அறை மின்விசிறி சுற்றும்போது ஒரு சத்தம் போடுகிறது, நிறுத்தினால் வேறொரு சத்தம் போடுகிறது. முதலாளிக்குத் தினமும் ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். அதில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நண்டு என்பது எங்கள் கோவைப் பட்டறையில் செய்த மிஷின். பாதாளச் சாக்கடைக் குழாய்க்குள் ஆறு சக்கரத்தில் ஓடி, அடைப்பைக் கண்டுபிடித்து, முன்னால் இருக்கும் கத்தியால் கிழித்துவிட்டு வரும். மனிதர் யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது என்பதற்காகச் செய்தது. சக்கரம், மோட்டார், கத்தி எல்லாம் என் கைவேலை. கண் மட்டும் சுபாஷிணியுடையது. அதாவது கேமராவும், அதற்குள் ஓடும் நிரலும். பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு நாலு மாதம் முன்புதான் எங்களிடம் வந்தாள். ஏன் விட்டாள் என்று யாருக்கும் தெரியாது. கேமராவுக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று எனக்கும் தெரியாது.

கடைவீதிக் குழாயைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள். தேறினால் நகராட்சி நண்டை வாங்கிக்கொள்ளும். தேறாவிட்டால் ஒப்பந்தக்காரர் ரத்தினசபாபதியின் ஆட்கள் பழையபடி இறங்குவார்கள். சட்டம் கூடாது என்கிறது. இருந்தும் இறங்குகிறார்கள்.

சுபாஷிணி என்னை அண்ணா என்கிறாள். லாட்ஜ் வாட்ச்மேனையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். கூப்பிடட்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

முதல் ஓட்டம். என் சக்கரங்கள் சகதியில் சறுக்காமல் போயின. (கொஞ்சம் சறுக்கின.) படம்தான் கழுத்தை அறுத்தது.

குழாய்க்குள் வயர்லெஸ் வேலை செய்யாது. தடித்த கேபிள் கட்டினால் அதன் கனத்தை நண்டு இழுக்காது. ஆகவே ஒரு மெல்லிய கம்பிதான் போகிறது. அதில் முழுப்படம் அனுப்ப முடியாது. சுபாஷிணியின் யோசனை என்னவென்றால், குழாயின் சுவர் எப்படி இருக்கும் என்பதை மிஷின் முதலிலேயே கற்றுக்கொள்ள வேண்டும். பிறகு அந்தச் சுவரைத் திரும்பத் திரும்ப அனுப்பத் தேவையில்லை. எது புதிதாக இருக்கிறதோ, எது அசைகிறதோ அதை மட்டும் அனுப்பினால் போதும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் கரப்பான் பூச்சி. ஆயிரக்கணக்கில். எல்லாம் அசைகின்றன. நண்டு பொறுப்பாக ஒவ்வொரு கரப்பானையும் படம் பிடித்து மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. அடைப்பு இருந்தால்கூட அதைச் சொல்லக் கம்பியில் இடமில்லை. நான் சிரித்துவிட்டேன். அவள் கோபப்படவில்லை. திரையைப் பார்த்து, "இத்தன பேரு குடியிருக்காங்களா" என்றாள்.

அக்டோபர் 8, புதன்

மழை. வேலை இல்லை. சுபாஷிணிக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று மெஸ்காரரிடம் சொல்லிவைத்தேன். ஆள் பட்டினி கிடந்தால் சோதனைதான் கெடும்.

அக்டோபர் 9, வியாழன்

கரப்பான் தீர்ந்தது. பூச்சி மருந்தால் அல்ல.

எப்படி என்று கேட்டேன். "வீட்டுக்குள்ள நுழையும்போது செவுரு எங்க இருக்குன்னு பார்ப்பீங்களாண்ணா? வாசல்ல புதுசா ஒரு ஜோடி செருப்பு கெடந்தா அதத்தான பார்ப்பீங்க. யாரு வந்திருக்காங்கன்னு. ஆனா வாசல்ல வேப்பமரம் ஆடிக்கிட்டே இருக்கு, அதப் பார்க்கமாட்டீங்க. அது ஆடுறதுதான் வழக்கம். நேத்து வரைக்கும் அசைஞ்சா புதுசுன்னு மிஷினுக்குச் சொல்லியிருந்தேன். இப்ப, எப்பவும் அசையிறதும் செவுருதான்னு சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். ஒரே நாளில் எழுதி முடித்திருக்கிறாள். இன்று ஓட்டினோம். கரப்பான்கள் சுவரோடு சுவராகிவிட்டன. நடுவில் ஒரு பழைய சாக்கு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. என் கத்தி அதைக் கிழித்தது. கத்தியை யாரும் பாராட்டவில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். அருமையான வேலை. நான் இத்தனை வருடம் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டியிருக்கிறேன். தேவையில்லாததை விடுவதே ஒரு வேலை என்று எனக்குத் தோன்றியதில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று அவள் முறை, மாட்டிக்கொண்டாள்.

நண்டு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல இரண்டு வழி உண்டு. (கம்பி உள்ளே தொய்ந்து கிடப்பதால் அதன் நீளத்தை நம்ப முடியாது.) என் வழி சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று கணக்கிடுவது. அவள் வழி சுவரைப் பார்த்து இடம் சொல்வது. கற்ற சுவரில் இது எந்தப் பகுதி என்று மிஷின் தேடிப் பார்த்துச் சொல்லும். சகதியில் சக்கரம் சும்மா சுற்றினால் என் கணக்கு பொய்யாகும் என்பது அவள் கட்சி.

இன்று நண்டு கடைசி மேன்ஹோல் வழியாக வெளியே வந்து, என் கையில் இருக்கிறது. அவள் திரையோ நண்டு இன்னும் நாலாவது குழாயில் நிற்கிறது என்கிறது. நான் நண்டைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். டீக்கடையில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

மத்தியானம் என்னை வண்டியெடுக்கச் சொன்னாள். நகராட்சி யார்டுக்குப் போனோம். கடைவீதியில் பதித்ததில் மிச்சமான சிமென்ட் குழாய்கள் அங்கே அடுக்கிக் கிடக்கின்றன. சுடிதாரோடு ஒரு குழாய்க்குள் தவழ்ந்து போனாள். பிறகு அடுத்ததில். மூன்றாவதிலிருந்து குரல் வந்தது. "அண்ணா, எல்லாத்துலயும் ஒரே தழும்பு."

நானும் தலையை விட்டுப் பார்த்தேன். உச்சியில் பிறை மாதிரி ஒரு கீறல். வார்த்தபோது அச்சில் இருந்த பள்ளம் ஒவ்வொரு குழாயிலும் அப்படியே விழுந்திருக்கிறது. மிஷின் அதைத்தான் அடையாளமாகப் பிடித்துக்கொண்டது. எந்தக் குழாயில் நின்றாலும் அதற்கு நாலாவது குழாய்தான்.

தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தாள். தன் தவறு என்ன என்று தெரிந்ததில் அவளுக்கு அத்தனை சந்தோஷம். நான் அப்படி இருந்ததே இல்லை. என் தவறு தெரிந்தால் எனக்கு அன்று சோறு இறங்காது.

இனி அச்சு போட்டதை விட்டுவிடுவாளாம். தண்ணீர் போட்டதை மட்டும் எடுத்துக்கொள்வாளாம். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சுண்ணாம்பு கசிந்து வழிந்த வெள்ளைக்கோடு, எண்ணெய்ப் படிவு, வேர் நுழைந்த இடம். அவை ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

அக்டோபர் 11, சனி

டீ குடிக்கும்போது கேட்டுவிட்டேன். "பெங்களூர விட்டுட்டு இந்த நாத்தத்துக்கு ஏனுங்க வந்தீங்க? வீட்டுல யாராச்சும்... இந்த மாதிரி குழியில எறங்கி..."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இல்லீங்கண்ணா. எங்கப்பா எல்ஐசி ஏஜென்ட். நல்லா இருக்காரு. பேப்பர்ல படிச்சேன், வந்தேன். ஏன், நம்ம வீட்டுல ஒருத்தர் செத்தாத்தான் இதச் செய்யோணுமா?"

டீக்கு இரண்டு பேருக்கும் நானே கொடுத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

விடுமுறை. அவள் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். நண்டைக் கழுவி கிரீஸ் போட்டேன். நாள் நகரவே இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

கடைவீதி முழுக்கச் சுவர் கற்றாயிற்று. திரையில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நீளமாக விரித்துக் காட்டினாள். தெருவுக்கு அடியில் இன்னொரு தெரு. நகராட்சி உதவிப் பொறியாளர் லோகநாயகி மேடம் வந்து பார்த்தார். அதிகம் பேசாதவர். "இது என்ர ஆபீஸ்ல இருக்கிற மேப்ப விட நல்லா இருக்குதே" என்றார்.

நண்டை எங்கே நிறுத்தினாலும் இப்போது சுவரைப் பார்த்துச் சரியாக இடம் சொல்கிறது. என் சக்கரக் கணக்கு இரண்டு முறை தப்பியது. சகதி அதிகம்.

அக்டோபர் 14, செவ்வாய்

சிக்கிக்கொண்டது.

காலையில் கனத்த மழை. இந்த ஊரில் பனியன் கம்பெனிகள் நிறைய. கட்டிங்கில் மிஞ்சும் துணி வேஸ்ட்டை யாரோ மூட்டையாகச் சாக்கடையில் தள்ளியிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு வந்து நண்டின் சக்கர அச்சில் சுற்றிவிட்டது. நான் மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டினேன். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. கம்பியைப் பிடித்து இழுத்தோம். நண்டு வரவில்லை. கம்பிக்குள் இருந்த இரண்டு இழையில் ஒன்று அறுந்தது.

இப்போது நண்டே அடைப்பு. மாலைக்குள் பக்கத்துச் சந்து வீடுகளில் குளியலறை வழியாகச் சாக்கடை மேலே வர ஆரம்பித்தது. பெண்கள் விளக்குமாறோடு வந்து எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் பேசியதை எழுதுவதற்கில்லை. பேசினதில் தப்பும் இல்லை.

ரத்தினசபாபதி புல்லட்டில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். "ஏனுங்க மேடம், ரெண்டு நிமிச வேலைங்க. என்ர ஆளு அங்கமுத்து எறங்கி ஒரு கயிறக் கட்டிவிட்டுட்டு வந்துருவான். தள்ளி அக்கட்டால நின்னு இழுத்தா முடிஞ்சுது. தீபாவளி யாவாரத்துல ரோட்டத் தோண்டப் போறீங்களா?"

அங்கமுத்து பின்னால் நின்றிருந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது. எங்கள் யாரையும் பார்க்காமல் மேன்ஹோல் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லோகநாயகி மேடம் யாரும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனால் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நான் தாக்குப் பிடிப்பேன். நண்டு எங்க இருக்குதுன்னு எடம் காட்டுங்க, மேல இருந்து தோண்டி எடுத்துக்கலாம். தண்ணிக் குழாய், கரண்ட் கேபிள் எல்லாம் போற ரோடு. ஒரே ஒரு குழிக்குத்தான் என்னால அனுமதி வாங்க முடியும். அது தப்புனா, நான் வீட்டுக்குப் போன பொறகு இவங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

பயமாக இருக்கிறது. நண்டு போனால் போகட்டும், இன்னொன்று செய்யலாம். அந்த ஆள் இறங்கிவிடக் கூடாது.

அக்டோபர் 15, புதன்

இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் நான் கடைவீதிக்குப் போனபோது சுபாஷிணி எனக்கு முன்பே வந்திருந்தாள். நண்டின் கம்பி வெளியே வரும் மேன்ஹோலின் மூடி மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்திருந்தாள். நாற்காலி கொண்டுவரட்டுமா என்று துணிக்கடைக்காரர் கேட்டதற்கு, "வேண்டாங்கண்ணா, இங்கயே சௌகரியமா இருக்குது" என்றாளாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நண்டிடம் போக இந்த வழிதான் உண்டு, அவள் எழுந்தால்தான் மூடியைத் திறக்க முடியும். ரத்தினசபாபதி வந்து பார்த்தார். ஒரு பெண்ணைத் தூக்கி நகர்த்த அவராலும் முடியவில்லை. எதிரே பூட்டிய கடையின் படியில் போய் உட்கார்ந்தார். அங்கமுத்து சட்டையைக் கழற்றி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, தயாராக நின்றார்.

வெயில் ஏறியது. நான் குடை பிடித்தேன். லேப்டாப் சூடாகிவிடக் கூடாதே என்றுதான்.

ஓர் இழைதான் மிச்சம். இதில் படம் வரவே வராது என்று நான் சொன்னேன். "படம் எதுக்குண்ணா? செவுரு பூரா நண்டோட ஞாபகத்துலயும் இருக்கு. நீ பார்க்கிறது எந்தச் செவுருன்னு மட்டும் அதுகிட்டக் கேக்குறேன். பதிலு துளியூண்டுதான், அந்த ஒத்த இழையில வந்துரும்" என்றாள். அத்தனை பெரிய படத்தை விட்டுவிட்டு, அது சொல்ல வேண்டிய ஒரே வார்த்தையை மட்டும் கேட்கிறாள். எனக்குப் புல்லரித்தது.

பதில் வந்தது. ஆனால் ஒன்றல்ல, இரண்டு. அடைப்பினால் தண்ணீர் ஏறி, குழாயின் உச்சி மட்டும்தான் வெளியே தெரிகிறது. உச்சியில் இருந்த சுண்ணாம்புக் கோடு இரண்டு இடங்களோடு ஒத்துப்போகிறது. ஒன்று துணிக்கடை வாசல், மற்றொன்று கூல்டிரிங்ஸ் கடையைத் தாண்டி. தண்ணீர் ஒரு சாண் இறங்கினால் சுவரின் பக்கவாட்டும் தெரியும், அப்போது சொல்லிவிடலாம் என்றாள்.

லோகநாயகி மேடம் யோசிக்கவில்லை. தேர்தலுக்குப் போவது மாதிரி ஒரு ஆட்டோவில் மைக் கட்டித் தெருத் தெருவாக அனுப்பினார். "பொதுமக்கள் தயவுசெய்து அரை மணி நேரம் துணி துவைக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம், குளிக்க வேண்டாம்." நேற்று எங்களைத் திட்டிய அதே பெண்கள் வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி தன் மாமியாரை உள்ளே பார்த்து, "குழாய மூடுங்கத்த" என்று அதட்டியது தெருவுக்கே கேட்டது.

தண்ணீர் இறங்கியது. சுபாஷிணி மீண்டும் கேட்டாள். திரையில் ஒரே ஒரு பதில் வந்தது. துணிக்கடை வாசல்.

சாக்பீஸ் எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்ததும் அவள் இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். மூடி நெருப்பாகக் கொதித்தது. இவ்வளவு நேரம் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. அவள் போய்த் தார் ரோட்டில் ஒரு வட்டம் போட்டாள்.

அப்போதுதான் ரத்தினசபாபதி என்னிடம் வந்தார். "ஏந்தம்பி, மிஷின் பண்ணுனது நீங்கதான? உங்க கணக்குல எங்க நிக்குது?"

என் சக்கரக் கணக்கு பேக்கரி வாசல் என்கிறது. துணிக்கடையிலிருந்து நாலு கடை தள்ளி. லோகநாயகி மேடமும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சேனாபதி. ரெண்டும் வேற வேறயா காட்டுதா?"

சுபாஷிணி என்னைப் பார்க்கவில்லை. வட்டத்துக்குப் பக்கத்தில் சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாள். என் கணக்கைச் சொல்லாதே என்று அவள் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. நான் எதைச் சொன்னாலும் அதை நம்பித்தான் சொல்வேன் என்று அவள் நினைப்பது தெரிந்தது.

"வேறதாங்க மேடம். எங்கணக்கு பேக்கரிகிட்டக் காட்டுது. அது தப்புங்க. நேத்து சக்கரம் சும்மா சுத்துச்சு, நான்தான் சுத்தவிட்டேன். அவங்க போட்ட வட்டத்துலயே தோண்டுங்க."

ஜேசிபி முதலில் தாரைப் பெயர்த்தது. தண்ணீர்க் குழாய் தெரிந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கடப்பாரையால் பார்த்துப் பார்த்துத் தோண்டினார்கள். கடைக்காரர்கள், பட்டாசு வாங்க வந்தவர்கள், ஜவுளி எடுக்க வந்தவர்கள் என்று கூட்டம் நாலு பக்கமும் அடைத்துக்கொண்டது. ரத்தினசபாபதி கடிகாரத்தைப் பார்த்தார். அங்கமுத்து இடுப்புக் கயிற்றின் முடிச்சை இறுக்கிக்கொண்டார்.

சாக்கடைக் குழாயின் முதுகு தெரிந்தது. பள்ளத்தில் இறங்கி அதன் மேல் உள்ளங்கையை வைத்தேன். சுபாஷிணியிடம் மோட்டாரை ஓட்டச் சொன்னேன். அவள் ஒரு பட்டனைத் தட்டினாள்.

சிமென்ட்டுக்கு அடியில் என் மோட்டார் உறுமியது. சரியாக என் கைக்குக் கீழே. நான் பண்ணிய மோட்டார், எனக்குத் தெரியாதா. நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினேன். லோகநாயகி மேடம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழாயின் மேல்பாகத்தை அறுத்துத் திறந்து, வாயு போகட்டும் என்று எல்லாரும் தள்ளி நின்றோம். பிறகு மேலிருந்தே கொக்கி போட்டு நண்டைத் தூக்கினோம். பனியன் துணி முழுக்கச் சுற்றி, கலர் கலராக, திருவிழாவுக்கு ஜோடித்த மாதிரி வந்தது. அடைத்து நின்ற தண்ணீர் ஒரே இரைச்சலாக ஓடியது. ஒருத்தரும் சாக்கடைக்குள் இறங்கவில்லை. புல்லட் கிளம்பும் சத்தம் கேட்டது, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லாரும் நண்டைச் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அங்கமுத்து இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். சட்டையை உதறிப் போட்டு, மேல் பட்டன்வரை நிதானமாக மாட்டினார். பிறகு கடைப் படியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த சுபாஷிணியிடம் வந்தார்.

"அம்மிணி, உள்ள இருக்கிறத அந்தப் பொட்டியில பார்த்தீங்களாமே. நானும் பார்க்கலாங்களா?"

அவள் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டாள். அவர் தயங்கினார், பிறகு உட்கார்ந்தார். குழாயை முதல் மேன்ஹோலிலிருந்து அவள் ஓட்டிக் காட்டினாள். வெள்ளைக் கோடுகள், வேர்கள், எண்ணெய் படிந்த வளைவு. அவர் கண் கொட்டவில்லை. பாதி தூரம் வந்ததும் நான் கேட்டேன், "நீங்க உள்ள நெறைய தடவ போயிருப்பீங்களே. இப்பிடித்தான இருக்கும்?"

"தெரியாதுங்க."

நான் புரியாமல் பார்த்தேன்.

"கண்ண மூடிக்கிட்டுத்தானுங்க முங்குறது. கண்ணுல பட்டா எரிஞ்சு போயிருமுங்க. கையில தடவித்தான் போறது, வாறது. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து எறங்குறேன், ஒருக்காக்கூடப் பார்த்ததில்லைங்க."

சுபாஷிணியின் விரல் விசையின் மேலேயே நின்றுவிட்டது. இத்தனை நாளும் எதற்கும் கலங்காதவள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

படம் கடைசி மேன்ஹோலுக்கு வந்து முடிந்தது. அங்கமுத்து திரையைத் தொடாமல் விரலை நீட்டி, ஆரம்பத்தைக் காட்டினார்.

"இன்னொருக்கா ஓட்டுங்க அம்மிணி. மெதுவா."